முதலில் அவர் கையில்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் இப்போது பெயர் எழுதுவது நல்ல பழக்கமில்லை. இறந்தவர் பெயராக இருந்தாலும், அதைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கும் யாரையாவது தேடி வந்துவிடுவார்கள். எங்கள் பேட்டையான பசுந்தாங்கில் எல்லோரும் அவரை ‘சயா’ என்றுதான் கூப்பிட்டோம். வாத்தியார், வைத்தியர், தொழில் தெரிந்தவர் எல்லோருக்கும் பர்மியர்கள் சொல்லும் மரியாதைச் சொல் அது. தமிழர்களும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம். அப்பா அம்மா வைத்த பெயர் முருகனுடைய பெயர்களில் ஒன்று என்பதுவரை சொல்லலாம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் பெயர் என்பதால் அதில் யாரும் மாட்டமாட்டார்கள்.

அவரைப் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது இடது கையைத்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சின்னச் சின்னத் தழும்புகள். அம்மைத் தழும்பு என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். திருவிழாவில் காவடி எடுக்கிறவர்களுக்கு அலகும் வேலும் செய்து கொடுப்பது அவர்தான். ஒவ்வொரு அலகையும் தன் கையில் குத்திப் பார்த்த பிறகுதான் கொடுப்பார். ஆயுளில் ஒரு காவடி எடுத்ததில்லை, ஒரு நேர்த்திக்கடன் வைத்ததில்லை. ஆனால் காவடிக்காரர்களைவிட அதிகமாகக் குத்திக்கொண்டவர் அவர்தான். கோயில் பூசாரி ஒருமுறை கேலி செய்தார். “வேண்டுதல் இல்லாம குத்திக்கிற ஒரே ஆளு நீதான்யா. முருகனுக்கே குழப்பமா இருக்கும்.”

சயா சிரிக்காமல் பதில் சொன்னார். “அவங்களுக்குப் பக்தி இருக்கு, மழுங்கின அலகுன்னாலும் வலிக்காது. எனக்குப் பக்தி இல்லை. எனக்கே வலிக்கலேன்னா சரக்கு நல்ல சரக்கு.”

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் பார்ப்பதற்கென்றே காலை விடுகிறவர் அவர். தான் செய்த எதையும், தன் உடம்பில் பட்டுப் பார்க்காமல் இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார். அவருடைய மொத்தக் குணமும் இதுதான். நல்ல குணம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று பிறகு தெரியும்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய லேத் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தார். நான் மூன்றாவது மாடி. பபேடான் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டி, இது தெரிகிறதா அது தெரிகிறதா என்று கேட்கும் வேலை. இந்த ஊரில் மாடி வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரனும் காய்காரியும் கிளிப்பில் பையை மாட்டிவிட்டு கயிற்றை இழுப்பார்கள், மேலே மணி அடிக்கும். என் வீட்டில் கெட்டுப்போனதையெல்லாம் நான் அந்தக் கயிற்றில் கீழே இறக்குவேன். ரைஸ் குக்கர் மூடி, குடைக் கம்பி, அடுப்புக் குமிழ். சரியானதும் சயா கயிற்றை ஒருமுறை இழுப்பார். அவரிடம் போனது உடனே திரும்பாது. குடை என்றால் மழை வரும்வரை காத்திருந்து, அதைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை போய்வந்த பிறகுதான் மேலே வரும். ஒரு வருஷம் சித்திரையில் கொடுத்த குடை ஆனியில் வந்தது. நான் திட்டினேன்.

“வாய் ஆயிரம் சொல்லும் தங்கச்சி. கை சொல்லட்டும்” என்றார். வாடிக்கைக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாலும் இதையேதான் சொல்வார்.

சுங்கத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் கிடையாது. அவருடைய மரக்காலில் கணுக்கால் மூட்டு தேய்ந்துவிட்டது என்று கொண்டுவந்து கொடுத்தார். சயா புது மூட்டுச் செய்தார். பிறகு தன்னுடைய நல்ல காலை மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மரக்காலை மாட்டி, பஸ் நிறுத்தம்வரை நடந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. திரும்பி வரும்போது மீன்காரியின் கூடைமேல் விழுந்தார். எழுந்து, மீனைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, “உள்பக்கம் கொஞ்சம் இழுக்குது” என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்குள் போனார். அந்த மனிதர் அதே காலோடு இன்றைக்கும் நடக்கிறார்.

அவர் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நடந்ததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. டாக்டர் மாற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு புது மாத்திரையிலும் ஒன்றை முதலில் இவர் விழுங்குவார். அரை நாள் உட்கார்ந்திருப்பார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் அந்த அம்மாளுக்குக் கொடுப்பார். ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுப் பட்டறை வாசலிலேயே சாய்ந்துவிட்டார். நானும் என் தம்பியும்தான் தூக்கிப் படுக்கவைத்தோம். “உங்களுக்கு ஒத்துக்காதது அக்காவுக்கு ஒத்துக்கும். இது மருந்து சயா, குடை இல்லை” என்று நான் கத்தினேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார். “அவ வாயில தெரியாத ஒண்ணைப் போட எனக்குக் கை வரமாட்டேங்குது.”

அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் குணம் இன்னும் முற்றியது. சில நாள் நான் வேலைக்கு இறங்கும்போது, யாரோ கொடுத்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். மாலை திரும்பும்போதும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சோதிக்கிறாராம். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அவனுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அவனுக்காகத்தான் நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கோயிலில் பேசிக்கொள்வார்கள். சுத்தப் பொய். யாரும் கேட்டு வரவில்லை. ஆனாலும் எனக்கு இருந்த ஒரே சொத்து அவன்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. தமிழ் அவனுக்குக் காதில் விழும், வாயில் தட்டுத்தடுமாறி வரும். கோபம் வந்தால் பர்மிய மொழிதான்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த மாசி பங்குனியில் அவனுக்கு இருபத்தாறு வயது. தினமும் காலையில் தகரக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போனான். ஒருநாள் பக்கத்தில் நின்ற சிநேகிதன் சுடப்பட்டு விழுந்தான். அன்றைக்குத் தம்பி வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றித் தானே துவைத்தான். என்னைத் தொடவிடவில்லை. அதன்பிறகு பேச்சு குறைந்துவிட்டது. வார்டில் யார் யார் பெயரையோ எழுதிக் கொடுக்கிறார்கள் என்றும், அவன் பெயரும் அதில் இருக்கிறது என்றும் செய்தி வந்தது. மாவ்பி வழியாக வடக்கே போய், அங்கிருந்து காட்டுப் பக்கம் போவது என்று அவனும் இன்னும் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

“வெறுங்கையோட போகமாட்டேன் அக்கா” என்றான்.

அவன் கொண்டுவந்ததைப் பார்த்தபோது எனக்குப் பொம்மை என்றுதான் தோன்றியது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பழைய டெரிஞ்சர் கைத்துப்பாக்கி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குட்டையான குழல்கள். செத்துப்போன சிநேகிதனின் கொள்ளுத்தாத்தா மரக் கம்பெனியில் ஏஜெண்டாக இருந்தவராம், அவர் பெட்டியில் கிடந்தது. அதற்குரிய தோட்டா இந்த நாட்டில் மட்டுமில்லை, எங்கேயும் கிடைக்காது என்றார்கள். யாரோ ஒருத்தர் சிறிய தோட்டாக்கள் ஐந்தைப் புளிமிட்டாய்த் தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார். பெரிய ஓட்டையில் சிறிய தோட்டா நிற்காது. உள்ளே ஓர் உறை போட வேண்டும், புஷ் மாதிரி. எங்கள் கட்டடத்தில் புஷ் போடுகிறவர் யார் என்று அவனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சயா அதைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

“பழைய இரும்பு தம்பி. உறை நான் போட்டுடுவேன். வெளியில இருக்கிற குழல் தாங்குமான்னு எனக்குத் தெரியாது.”

“தாங்கும் சயா.”

“அதைச் சுட்டுப் பாத்துத்தான் சொல்ல முடியும்.”

தம்பி மிட்டாய்த் தாளைப் பிரித்துக் காட்டினான். “மொத்தமே அஞ்சுதான் இருக்கு.”

“அஞ்சுல எது போகுதோ போகட்டும். பாக்காம உன் கையில தரமாட்டேன். வேற ஆளு வேணும்னா பாத்துக்க.”

வேறு ஆள் கிடையாது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த நாட்களில் இரவு எட்டு மணி ஆனால் ஊர் முழுக்கத் தட்டும் தகரமும் அடிப்பார்கள். வீட்டில் புகுந்த பேயை ஓட்டச் சட்டிபானையைத் தட்டுவது பர்மியர்களின் பழைய வழக்கம். பேய் யார் என்று அந்த மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கால்மணி நேரம் பசுந்தாங்கில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அந்தக் கால்மணி நேரத்தில்தான் சயா சுட்டுப் பார்த்தார். பட்டறையின் பின்சுவரோரம் மணல் நிரப்பிய பெரிய தகர டின் வைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரு தோட்டா. முடிந்ததும் என் கயிற்றை ஒருமுறை இழுப்பார். மேலே மணி அடித்தால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம்.

கட்டிவைத்துக் கயிற்றால் விசையை இழுக்கலாமே என்று நான் கேட்டேன்.

“தம்பி என்ன, கயித்துல கட்டியா சுடப்போகுது? கையில பிடிச்சு சுடப்போகுது. கைக்கு என்ன வருதுன்னு கைதான் பாக்கணும்.”

முதல் தோட்டா வெடிக்கவே இல்லை. இரண்டாவது வெடித்தது, ஆனால் உறை உள்ளே சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. சயா இரண்டு நாள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார். மூன்றாவது மேல் குழலில், நன்றாக இருந்தது. நான்காவது கீழ்க் குழலில், அதுவும் நன்றாக இருந்தது. நான்கு நாளும் மணி அடித்தது. ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் தம்பியின் முகம் மலர்ந்தது, நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் இல்லை. லேத் ஓடவில்லை. தம்பி யாரையோ பார்க்கப் போயிருந்தான். நான் கடைக்குப் போகாமல் கீழே இறங்கினேன். சயா எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வேலை முடிஞ்சுது தங்கச்சி. நாளைக்குத் தம்பிய வரச்சொல்லு.”

“எத்தனை மிச்சம் இருக்கு?”

“ஒண்ணு.”

நான் பேசப்போவதை முந்தின இரவே முடிவு செய்து வைத்திருந்தேன். பபேடானில் எங்கள் கடைக்குப் பின்னால் கண்ணாடி வில்லைப் பெட்டிகள் அடுக்கும் ஓர் அறை இருக்கிறது. முதலாளி அம்மாள், கொஞ்ச நாள் தம்பியை அங்கே வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தார்கள். வெறுங்கையோடு போகமாட்டேன் என்று அவன் சொன்ன வாக்கியம் ஒன்றையே நான் பிடித்துக்கொண்டு தொங்கினேன். தோட்டா இல்லையென்றால் போகமாட்டான். போகவில்லையென்றால் பிழைப்பான். என் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

“அதையும் சுட்டுப் பாத்துடுங்க சயா.”

அவர் துடைப்பதை நிறுத்தினார். “எதுக்கு? ரெண்டு பக்கமும் பாத்தாச்சு.”

“இன்னொரு தடவை பாக்கணும்னு தோணிச்சுன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவான். உங்க குணம் அவனுக்குத் தெரியும்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்ததைப் பார்த்தார். “வேலை முடிஞ்ச சாமானை நான் மறுபடி சோதிச்சதில்லை.”

நான் அழுதேன். அழுகை வந்து அழவில்லை. அழுதால் இறங்குவார் என்று தெரிந்துதான் அழுதேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் மனைவி படுத்திருந்தபோது ஒரு தட்டு சோறும் குழம்பும் தினமும் கீழே இறக்கியவள் நான். அதையும் சொல்லிக் காட்டினேன். அவ்வளவு கேவலமாக நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

“சரி, சரி. கண்ணைத் துடை” என்றார்.

“சுடக்கூட வேணாம் சயா. ஓடையில போட்டுட்டு, சுட்டேன்னு சொன்னாப் போதும்.”

அவர் தலையை ஆட்டினார். “அது எனக்கு வராது. சுட்டாத்தான் சுட்டேன்னு சொல்ல முடியும். எட்டு மணிக்குப் பாத்துக்கலாம், நீ போ.”

பசுந்தாங் ஓடை எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. நூறு அடி நடந்தால் போதும், கையை விரித்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். இந்த உலகத்தில் வேறு எந்த மனிதனும் அதைத்தான் செய்திருப்பான். பொய்யைக்கூட உண்மையாகச் செய்துவிட்டுத்தான் சொல்லுவேன் என்று நிற்கிற ஒருவரிடம் போய் நான் அதைக் கேட்டேன்.

எட்டு மணிக்கு நான் பால்கனியில் நின்று தோசைக்கல்லைக் கரண்டியால் அடித்தேன். அன்றைக்குப்போல் என்றைக்கும் அடித்ததில்லை. வெடிச் சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாது என்று என் பங்குக்கு நானும் அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சத்தம் ஓய்ந்தது. தெரு அடங்கியது. கயிறு அசையவில்லை. நான் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு செருப்பில்லாமல் ஓடினேன்.

அவர் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையைக் கைலியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கைலி முழுக்க நனைந்திருந்தது. மேல் குழல் பிளந்து அந்தப் பக்கம் கிடந்தது. நான் துணியைப் பிரித்தேன். கட்டைவிரல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மணிக்கட்டில் இரும்புத் துண்டு ஒன்று ஏறியிருந்தது.

“தம்பி கையில வெடிச்சிருக்கும் தங்கச்சி” என்றார். “நல்லவேளை.”

அது உண்மையா, என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த ஐந்தாவது தோட்டாவைத் தம்பி எங்கேயாவது சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்குமா? பிளந்திருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் நான் செய்தது சரி என்று ஆகிறது. அந்தச் சரியை என்னால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. வாசலில் சிப்பாய்கள் நின்றார்கள். வெடிக் காயத்தோடு போகிறவரிடம் என்ன கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்சியை எதிர்த்து ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு மறைந்திருந்த ஒரு டாக்டர் பையன், குடை ரிப்பேருக்கு வருகிறவன் மாதிரி குடையைப் பிடித்துக்கொண்டு வந்தான். இரும்பை எடுத்தான், தைத்தான், கையிலிருந்த மாத்திரையைக் கொடுத்தான். இரண்டு முறை வந்தான். பிறகு அவன் இருந்த தெருவை அடைத்துவிட்டார்கள்.

முந்தின நாள் வெளியே போயிருந்த தம்பி, வெடித்த மறுநாள் காலையில்தான் திரும்பி வந்து பார்த்தான். அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். சயாவின் பாயோரம் மண்டிபோட்டு உட்கார்ந்து, பெரியவர்களைக் கும்பிடுகிற மாதிரி நெற்றி தரையில் படக் கும்பிட்டான். எனக்குத் தெரிந்து எந்தச் சாமி முன்னாலும் அவன் அப்படி விழுந்ததில்லை.

“நான்தான் கொண்டாந்தேன் சயா. என்னாலதான்.”

நான் கதவோரம் நின்றேன். வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. திறக்கவில்லை.

சயா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். “உன்னால இல்லை தம்பி. எனக்கு மேல் குழல்ல ஒரு சந்தேகம் இருந்துச்சு. இன்னொரு தடவை பாத்துத்தான் ஆகணும்னு நான்தான் பாத்தேன். என் புத்தி அப்படி.”

அதுதான் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய். தம்பி அழுதுகொண்டே தலையை ஆட்டினான். அவருடைய புத்தி அப்படித்தான் என்று ஊருக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா?

அடுத்த நாள் விடியும்போது அவன் கிளம்பினான். வெறுங்கையோடுதான். நான் கையைப் பிடித்து இழுத்தேன். பபேடான் அறையைச் சொன்னேன், முதலாளி அம்மாளைச் சொன்னேன். “எனக்காக ஒருத்தர் கையைக் குடுத்திருக்கார் அக்கா. இனிமே நான் அறைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கவா?” என்று பர்மிய மொழியில் கேட்டான். போகாமல் இருக்க நான் செய்ததுதான் அவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது.

மாவ்பி போகும் வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோருடைய போனையும் பார்த்தார்கள். கேடயத்தோடு நிற்கிற ஒரு படத்தை அவன் அழிக்காமல் வைத்திருந்தான். பக்கத்தில் செத்துப்போன சிநேகிதன் நின்றதால் அழிக்க மனம் வரவில்லையாம். பையில் துப்பாக்கி இருந்திருந்தால் தூக்குக் கயிறுதான் என்று வக்கீல் சொன்னார். இல்லாததால் நீண்ட தண்டனையோடு போயிற்று. ஆக, அவன் உயிரோடு இருப்பதற்கு இன்னொரு முறை நானே காரணம். இதை நான் தினமும் எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

தம்பி பிடிபட்ட செய்தியை நான் சயாவிடம் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சொன்னேன். அதற்குள் கை தோள்வரை கறுத்து வீங்கியிருந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. பத்தாவது நாள் மாலை கொஞ்சம் தெளிந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“நான் சொன்னது... தம்பி நம்பிருச்சா?”

“நம்பிட்டான் சயா.”

“சரியா நின்னுச்சா? திரும்ப ஏதும் கேக்கலியே?”

“கேக்கலை.”

“எனக்குப் பொய் புதுசு. அதான் கேட்டேன்” என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் உயிர் போனது. வார்டு அலுவலகத்தில் சர்க்கரை வியாதி என்று எழுதச் சொன்னேன், எழுதிக் கொடுத்தார்கள். பூசாரியும் நானும் மரக்கால்காரரும் மட்டும் சுடுகாட்டுக்குப் போனோம். அவருடைய கைகளை வெள்ளைத் துணியில் நன்றாக மூடிவைத்தேன், யாரும் பார்த்துவிடக்கூடாது என்று.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. பட்டறையில் இப்போது ஒருவர் தண்ணீர்ப் புட்டி விற்கிறார். நான் மாதம் ஒருமுறை சிறைவாசலில் வரிசையில் நின்று பொட்டலம் கொடுக்கிறேன். கடிதம் எழுதலாம், பர்மிய மொழியில்தான் எழுத வேண்டும். அவர்கள் படித்துவிட்டுத்தான் உள்ளே கொடுப்பார்கள். உடம்பு நலம், மழை பெய்தது, விலை ஏறிவிட்டது, இவ்வளவுதான் எழுத முடியும். நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. அதை எந்த மொழியிலும் அந்தத் தாளில் எழுத முடியாது. எழுதினால் அவனுடைய வழக்கில் துப்பாக்கி வந்துவிடும்.

ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியாக அவன் ஒன்று கேட்கிறான். பெயர் போடாமல், கீழ் வீட்டு மாமா என்று எழுதுகிறான். கீழ் வீட்டு மாமாவின் கை ஆறிவிட்டதா அக்கா, வேலைக்குத் திரும்பிவிட்டாரா, வெளியே வந்ததும் முதலில் அவர் காலில்தான் விழுவேன் என்று சொல்.

கை ஆறிவிட்டது, இடது கையால் வேலை பார்க்கப் பழகிக்கொண்டார், உன்னை விசாரித்தார் என்று போன வாரமும் எழுதிப் போட்டேன்.